பெயர் சொல்லி ஜெபித்தவள்

ஷாரோன் ஜெபிக்க ஆரம்பித்தால் கல்லும் கரையும் என்று சபையில் சொல்வார்கள். கல் கரைந்ததை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, அது போகட்டும். குரல் அப்படிப்பட்டது. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட அந்தச் சின்ன சபையில் மைக் மக்கர் பண்ணுகிற ஞாயிறுகளில்கூட அவள் குரல் ரோட்டில் போகிறவர் காதில் விழும். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் அவள் லைன் லீடர். அத்தனை மெஷின் இரைச்சலுக்கு நடுவிலும் அவள் "ஏய் கங்கா!" என்று ஒரு அதட்டல் போட்டால், அடுத்த லைனில் இருக்கிற வேறு கங்காவும் பயந்துபோய்த் திரும்புவாள்.

அந்தக் குரல்தான் அவளைக் கவிழ்த்தது.

போன உபவாச ஜெபத்தில் பாஸ்டர் சபையைப் பிடித்து உலுக்கிவிட்டார். "ஞாயித்துக்கிழமை மட்டும் கிறிஸ்தவனா இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். ஒருவரும் தூக்கவில்லை. "சரி, அப்போ திங்கக்கிழமை நீங்க யாரு? உங்க கம்பெனியில வந்து நான் விசாரிக்கட்டுமா?" என்றார். ஷாரோனுக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை கம்பெனியில் அவள் எப்படிப்பட்டவள் என்று, இதே சபைக்கு வருகிற கங்காவைக் கேட்டால் தெரிந்துவிடுமே! எழுந்து முன்னால் போய் முழங்காலிட்டாள். இனிமேல் தினமும் ஒரு ஆத்துமாவுக்காக ஒரு காரியம் செய்வேன் என்று எல்லோர் முன்னாலும் கண்ணீரோடு தீர்மானம் எடுத்தாள்.

நல்ல தீர்மானம்தான், குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் காரியம் என்று ஒன்றைச் செய்ய அவளுக்கு நேரம் ஏது? ஷிப்ட் முடிந்தால் ஓ.டி., ஓ.டி. முடிந்தால் தூக்கம். கையில் போன் இருந்தது, தொண்டையில் குரல் இருந்தது. சபையின் ஜெப குரூப்பில் தினமும் காலையில் ஒரு ஆளுக்காக வாய்ஸ் மெசேஜில் ஜெபித்துப் போட ஆரம்பித்தாள். கும்பிட்ட கைகளும் ஆமென்களும் மழையாகக் கொட்டின. அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினால் அன்றைய கடமை முடிந்த மாதிரி நெஞ்சு லேசாகிவிடும்.

பொத்தாம் பொதுவாக ஜெபிக்கக் கூடாது, பெயர் சொல்லி, ஊர் சொல்லி, குறையைச் சொல்லி ஜெபிக்க வேண்டும் என்று அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஷாரோன் அதை இம்மி பிசகாமல் பிடித்துக்கொண்டாள். கங்காவின் கர்ப்பப்பைக் கட்டி, டீக்கடைக்காரர் மகனின் குடி, பக்கத்துத் தெருப் பெண்ணின் கல்யாணத் தடை, எல்லாமே பெயரோடும் விலாசத்தோடும் பரலோகத்துக்குப் போயின. போகிற வழியில் பூலோகத்திலும் கொஞ்சம் சுற்றின. அவள் அம்மா சொர்ணம்மாள் ஒருநாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, ஜெபம் பண்றியா, நியூஸ் வாசிக்கிறியா?"

"உனுக்கு ஆவிக்குரிய காரியம் புரியாதும்மா, சும்மா இரு" என்றாள் ஷாரோன்.

சொர்ணம்மாள் மாடியில் இரண்டு ரூம் கட்டி, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அதில் ஒன்றில் இருந்தவள் கனகலட்சுமி. கோவில்பட்டிப் பக்கம். ஷாரோனின் லைனில்தான் வேலை. அதிகம் பேசாத பெண், கை மட்டும் படபடவென்று ஓடும். ஒரு சாயங்காலம் ஷாரோன் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். விடாமல் கேட்டதில் கொட்டிவிட்டாள்.

"நான் இங்க இருக்கது வீட்டுல யாருக்கும் தெரியாதுக்கா. திருப்பூர்ல எங்கயோ இருக்கேன்னு நெனச்சிட்டிருக்காவ. என் தாய்மாமன் உச்சிமாகாளிக்கு என்னையக் கெட்டி வைக்கணும்னு அண்ணன் ஒத்தக்கால்ல நிக்கான். அந்த ஆளோட மொதப் பொண்டாட்டி எப்படிச் செத்தாளோ, ஊருல ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாவ. அவ ஒடம்ப நான் பாத்தேன்க்கா. சின்னப் பிள்ளையா இருந்தேன், ஆனா பாத்தேன். அவன் கையில சிக்குனா எனக்கும் அதான். ஒங்க ஒருத்திட்டதான் சொல்லுதேன்."

ஷாரோன் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வெளிய வராது. என்னை நம்பு" என்றாள். மனதாரச் சொன்னாள், பொய் இல்லை.

மறுநாள் காலையில் போனை எடுத்து, கண்ணை மூடி, ஜெபித்தாள்.

"கர்த்தாவே, கோவில்பட்டியிலிருந்து தப்பி வந்து, எங்கள் வீட்டு மாடியிலே தங்கியிருக்கிற உம்முடைய மகள் கனகலட்சுமியை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். தாய்மாமன் உச்சிமாகாளியின் கைக்கு அவளை விலக்கிக் காத்தருளும். ஒவ்வொரு நாளும் வல்லக்கோட்டை கூட்ரோட்டில் அவள் கம்பெனி பஸ் ஏறும்போது அவளைச் சுற்றிலும் அக்கினி மதிலாக இரும்..."

கூரியர் கொண்டுவருகிறவனுக்குக்கூட இவ்வளவு விவரம் தேவைப்படாது. வாக்குக் கொடுத்ததை மீறுகிறோம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆண்டவரிடம் சொல்வது வெளியே சொல்வதில் சேருமா? அவள் கணக்கில் சேராது. அன்றைக்கு ஆமென்கள் வழக்கத்தைவிட அதிகம். ஒரு அக்கா அழுகிற முகம் போட்டு, "எங்க ஊர் ஜெபக் குழுவுக்கும் அனுப்பிட்டேன் சிஸ்டர்" என்று எழுதியிருந்தாள். ஷாரோனுக்குப் புல்லரித்துவிட்டது.

அடுத்த வாரம் இரண்டாவது ஷிப்ட். மத்தியான வெயிலில் கூட்ரோடு கொதித்தது. கம்பெனியின் நீலக் கோட்டு போட்ட பெண்கள் டீக்கடை நிழலில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். லாரிப் புழுதிக்குப் பயந்து எல்லோரும் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியிருந்தார்கள், கண் மட்டும் தெரிந்தது. ஷாரோனும் கனகமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கங்கா கொஞ்சம் தள்ளி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. உள்ளே டிரைவரோடு மூன்று ஆண்கள். அதில் ஒருவன் இறங்கி வந்தான். கசங்கிய சட்டை, ராத்திரியெல்லாம் பயணம் செய்த கண். கையில் இருந்த போனில் எதையோ போட்டுக் கேட்டுக்கொண்டே, நின்றிருந்த பெண்களைச் சுற்றுமுற்றும் பார்த்தான். லாரி ஒன்று கடந்து போய்ச் சத்தம் ஓய்ந்ததும் போனில் இருந்த குரல் தெளிவாகக் கேட்டது.

"...கூட்ரோட்டில் அவள் கம்பெனி பஸ் ஏறும்போது அவளைச் சுற்றிலும் அக்கினி மதிலாக இரும்..."

ஷாரோனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யாரோ நன்றாக ஜெபிக்கிறார்களே என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் அது தன் குரல் என்று தெரிந்தது.

அவன் நேராக அவளிடம்தான் வந்தான். மரியாதையாகத்தான் கேட்டான். "தங்கச்சி, கனகலட்சுமின்னு ஒரு பிள்ள, கோவில்பட்டிப் பக்கம், ஒங்க கம்பெனிதான். தெரியுமா?"

கனகத்தின் கை ஷாரோனின் முழங்கையைக் கவ்வியது.

"அப்டி யாரும் இல்லீங்களே" என்றாள் ஷாரோன்.

ஐயோ, பேசியிருக்கக் கூடாது! தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். அவன் அப்படியே நின்றுவிட்டான். போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"இந்தக் கொரலு... நீங்கதானா தங்கச்சி அது?" இரண்டு கையையும் கூப்பிவிட்டான். "நல்லா இருப்பீய. எங்க தெருவுல ஒரு டீச்சரம்மா, ஒங்க ஆளுவதான், எங்கம்மாட்ட வந்து இதப் போட்டுக் காமிச்சாவ. ஒங்க மகளுக்காக எங்கெங்கயோ இருந்து ஜெபிக்காவ, அழாதீயன்னு ஆறுதல் சொல்லிட்டுப் போனாவ. ஒங்க புண்ணியத்துலதான் எடம் தெரிஞ்சுது. நான் அவ அண்ணன் இசக்கிபாண்டி. மாமாவும் வந்திருக்காவ. அவ எங்க?"

முழங்கையைப் பிடித்திருந்த கை விட்டுப்போனது. ஷாரோன் திரும்பினாள். துப்பட்டாவுக்கு மேலே கனகத்தின் இரண்டு கண்கள் அவளையே பார்த்தன. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அந்தக் கண்களில் நம்ப முடியாத திகைப்பு மட்டும் இருந்தது. நீயா, நீயா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

கனகம் ஓடினாள். ஓடியதால்தான் ஆள் தெரிந்துவிட்டது. டீக்கடையைத் தாண்டவில்லை, அண்ணன் பிடித்துவிட்டான். காரிலிருந்து இறங்கிய கனத்த ஆள் மறுகையைப் பிடித்தான், அவன்தான் உச்சிமாகாளி. அவள் கத்தினாள். கூட்டம் நகர்ந்து வந்தது.

"என் கூடப்பொறந்த தங்கச்சிய்யா! வீட்டுல அம்மா அழுது அழுது படுத்துட்டா. இது குடும்ப விசயம், யாரும் வராதீய" என்றான் இசக்கிபாண்டி. குடும்ப விஷயம் என்றதும் வந்த கூட்டம் வந்த வேகத்தில் பின்வாங்கியது. "அண்ணன்தானாம்பா" என்று டீக்கடைக்காரர் வடையைப் புரட்டப் போய்விட்டார்.

ஷாரோன் நின்ற இடத்திலேயே நின்றாள். உதடு மட்டும் தன்பாட்டில் "கர்த்தாவே, கர்த்தாவே" என்று முணுமுணுத்தது. அது தன் காதில் விழுந்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இன்னுமா ஜெபம்? அங்கே ஒருத்தியைக் காருக்குள் திணிக்கிறார்கள், ஊருக்கு வழி சொல்லிக் கொடுத்தவள் இங்கே நின்று கண்ணை மூடப்போகிறாளா?

ஓடினாள். பின்கதவை அவர்கள் சாத்துவதற்குள் கனகத்தின் பக்கத்தில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். கனகத்தின் இடுப்பை ஒரு கையால் சுற்றிக்கொண்டாள். இடது கால் மட்டும் வெளியே தொங்கியது.

"எறங்குங்க தங்கச்சி" என்றான் இசக்கிபாண்டி.

"மாட்டேன். இவளை இட்னு போனா என்னையும் இட்னு போ."

"சொன்னாக் கேளுங்க."

"மாட்டேன்!"

மரியாதை அத்தோடு போனது. உச்சிமாகாளி வந்து, அவனை விலக்கிவிட்டு, கதவைப் பிடித்து ஓங்கிச் சாத்தினான். கால் நடுவில் இருக்கிறது என்று தெரிந்தேதான் சாத்தினான். ஷாரோன் போட்ட அலறலில் அடுப்பருகே நின்ற டீக்கடைக்காரர் கரண்டியைத் தவறவிட்டார். கண் இருட்டியது. ஆனால் காலை உள்ளேயும் இழுக்கவில்லை, வெளியேயும் எடுக்கவில்லை. கதவு மூடாமல் கார் எப்படிப் போகும்?

"எடுட்டி காலை!" என்றான் உச்சிமாகாளி.

ஷாரோன் போனை எடுத்தாள். ஜெப குரூப்பைத் திறந்து, மைக்கை அழுத்திக் கத்தினாள். "இன்னிக்கு யாரும் ஜெபம் பண்ணாதீங்க! கூட்ரோட்டுக்கு ஆள் வாங்க! கனகத்தை இட்னு போறாங்க! ஓடி வாங்க!"

அனுப்பினாள். அடுத்த மூச்சிலேயே போன் டிங் டிங் என்று அடித்தது. கும்பிட்ட கைகள். ஆமென். ஸ்தோத்திரம். காத்துக்கொள்வார் சிஸ்டர். மறுபடி கும்பிட்ட கைகள். கடைசியாக வந்த கும்பிட்ட கைகளுக்கு மேலே கங்காவின் பெயர் இருந்தது.

ஷாரோன் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கங்கா அங்கேதான் நின்றாள். டீக்கடை நிழலில், காலில் வேர் முளைத்த மாதிரி, ஒரு கையில் பாதி வாழைப்பழம், மறு கையில் போன். கூப்பிடு தூரம்கூட இல்லை. அங்கிருந்தபடியே ஆமென் போட்டிருந்தாள்!

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது ஷாரோனுக்கு. கங்காவைத் திட்ட அவளுக்கு என்ன யோக்கியதை? நேற்று வரைக்கும் அவளும் இதைத்தானே செய்துகொண்டிருந்தாள். கண்ணாடி வழியாகக் கங்காவையே பார்த்தாள். கங்காவும் பார்த்தாள். முகத்தில் ரத்தம் சுண்டிப்போய் இருந்தது. போனைக் கோட்டுப் பையில் போட்டாள். பழத்தைக் கீழே எறிந்தாள். விடுவிடுவென்று நடந்து வந்து, கார் முன்னால், பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுவிட்டாள்.

"ஏத்து பார்க்கலாம் மேல!" என்றாள். அவளுக்கும் குரல் இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

ஒருத்தி வந்ததும் இன்னொருத்தி வந்தாள். நீலக் கோட்டுகள் காரைச் சுற்றிக்கொண்டன. அந்த நேரத்தில்தான் கம்பெனி பஸ் வந்தது. டிரைவர் மோகன் நெற்றியில் பட்டையாக விபூதியோடு, வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு வண்டி எடுக்கிற ஆள். சபைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, குரூப்பிலும் இல்லை. பெண்கள் கத்துவதைப் பார்த்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸைக் கொண்டுவந்து கார் மூக்கில் இடிக்கிற மாதிரி குறுக்கே நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"இன்னா நைனா, எங்க கம்பெனி பொண்ண எங்க இட்னு போறீங்கோ?"

"அவ என் தங்கச்சி."

"இருக்கட்டும்பா. அவ வரேன்னு சொன்னாளா?"



மோகன்தான் போலீசுக்குப் போன் போட்டார். ஜீப் வந்தது. கனகம் ஸ்டேஷனில் நிமிர்ந்து நின்று, நான் மேஜர், எனக்கு இஷ்டமில்லை, என்னை இழுத்துத்தான் ஏற்றினார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். உச்சிமாகாளியை உட்கார வைத்துக்கொண்டார்கள். இனிமேல் வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த இசக்கிபாண்டி, "அம்மாட்ட என்னட்டி சொல்ல?" என்று ஒரு தரம் கேட்டான். "உயிரோட இருக்கேன்னு சொல்லு" என்றாள் கனகம். அவன் அழுதுகொண்டேதான் போனான்.

ஷாரோனின் பாதத்தில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தாள். சொர்ணம்மாள் திட்டவே இல்லை. தலையணையை எடுத்து மகளின் காலுக்கு அடியில் வைத்துவிட்டு, வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மா திட்டாமல் இருந்ததுதான் ஷாரோனுக்கு நடுக்கமாக இருந்தது.

மறுநாள் கனகம் பெட்டி கட்டினாள். விலாசம் ஊருக்கே தெரிந்த வீட்டில் எப்படி இருப்பாள்? இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் இடம் பார்த்திருந்தாள். ஷாரோன் ஒற்றைக் காலில் மாடிப்படி ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னை மன்னிச்சிடு கனகம். நான்... நான் உனுக்காக தினமும் ஜெ..."

"வேணாம்க்கா." கனகம் வாளியையும் பையையும் கீழே வைத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள். "ஒங்கள என்ன வேணாலும் கேட்டுக்கிடுதேன், எனக்காக ஜெபம் மட்டும் பண்ணிராதீய. கும்பிட்டுக் கேக்கேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஷாரோன் வாளியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, ஆட்டோ வரை கொண்டுபோய் வைத்தாள். கனகம் ஏறினாள், ஆட்டோ போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். கர்த்தர் எத்தனை பெரிய விடுதலையைக் கட்டளையிட்டார் என்று சொல்லம்மா என்றார். ஷாரோன் மைக்கை வாங்கவில்லை. "அந்தப் பொண்ணு என்கிட்ட ரகசியமா சொன்னதை நான்தான் ஊருக்குச் சொன்னேன். ஜெபம்னு பேர் வெச்சுச் சொன்னேன். நாம எல்லாருமா சேர்ந்துதான் அவனுங்களை இங்க கூட்டியாந்தோம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வாய் ஓயாமல் ஆமென் போடுகிற சபையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பாஸ்டர் தரையைப் பார்த்தார். கங்கா மட்டும் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலையில் குரூப்பில் யாரோ கேட்டிருந்தார்கள்: இன்றைய ஜெபக் குறிப்பு என்ன சிஸ்டர்? ஷாரோன் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்குக் காலை ஷிப்ட். இருட்டோடு எழுந்து, கட்டுப்போட்ட காலுக்கு அப்பாவின் பழைய செருப்பை மாட்டி, ஷேர் ஆட்டோ பிடித்து, இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டல் வாசலில் போய் நின்றாள். கனகம் வெளியே வந்தாள். பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். ஷாரோன் நொண்டிக்கொண்டே பின்னால் போனாள். தெருவில் எந்தக் கார் மெதுவாகப் போனாலும் இரண்டு எட்டு முன்னால் வந்து, அது போனதும் மறுபடி பின்தங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். மழையிலும் போனாள். "மெடிக்கல் லீவு போட்டுட்டு வூட்ல கெடயேண்டி, இன்னா கெரகம் இது" என்று சொர்ணம்மாளுக்கு ஒருவழியாகத் திட்டு திரும்பி வந்தது. திட்டிக்கொண்டே டிபன் டப்பாவில் இரண்டு பேருக்குச் சோறு கட்டினாள்.

கட்டுப் பிரித்த வாரத்தில் ஒருநாள், கனகம் பாதித் தெருவில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இழுத்து இழுத்து வந்த செருப்புச் சத்தமும் நின்றது. ஒரு கன்டெய்னர் லாரி உறுமிக்கொண்டு கடந்துபோகும் வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

"என்னத்துக்கு நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வாரீய?" என்றாள் கனகம். "பக்கத்துல வாங்க."

ஏதோ சொல்ல ஷாரோனின் உதடு பிரிந்தது.

"வாயத் தொறக்காம வாங்க" என்றாள் கனகம்.

ஷாரோன் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தாள்.